உப்புக்காற்றில் மந்தர ஸ்தாயி

பாம்பன் கடல்மீது 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த ரயில் பாலம் 108 ஆண்டுகள் உழைத்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதன் 145 கண்களில் 126 கண்களைப் பெயர்த்துப் போட்டது. சில வாரங்களிலேயே பழுது பார்த்து மறுபடியும் ரயிலை ஓட்டினார்கள். புயலுக்கே தாக்குப்பிடித்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதற்குக் காரணம் உப்பு. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியின் எஃகு அரித்துப் போயிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் பூச்சையும் பயன்படுத்தியது இந்த உப்புக்காற்றை மனதில் வைத்துத்தான். பாலத்துக்கு இக்கரையில், மண்டபத்தில், காரைக்குடி 'சிக்ரி' என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு சோதனை நிலையம் உண்டு. உலோகங்களைக் கடற்காற்றில் கிடத்தி, எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்று அங்கே அளக்கிறார்கள்.

அதே காற்றில்தான் இராமநாதபுரம் கரையின் திருவிழா மேடைகளும் நிற்கின்றன. கோயில் கொடை, சந்தனக்கூடு, மாதா கோயில் திருவிழா என்று எந்த ஊரில் மேடை போட்டாலும் மெல்லிசைக் குழுவுக்கு ஓர் இடம் இருக்கும். அந்தக் குழுவில் அதிகம் கவனிக்கப்படாதவர் பேஸ் வாசிப்பவர். அவர் நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டு திடீரென்று மெலிந்துபோனதைக் கூட்டம் உணரும். இப்போது பல மேடைகளில் கீபோர்டே அந்த வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸை இந்தக் கரையில் காண்பது அரிது. ஆனாலும் பேஸ் கிடார், டபுள் பேஸ் இரண்டையும் வாசிக்கும் ஒருவர் இந்த மேடையில் ஏறினால் என்னென்ன இயற்பியல் அவரை எதிர்கொள்ளும் என்று கேட்பது நல்ல கேள்வி. கருவிகளுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்களம் தமிழ்நாட்டில் அரிது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டு கருவிகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கலைஞர் பெரிய ஆம்ப் தேடி அலைய வேண்டியதில்லை. தந்திக்கும் ஆம்புக்கும் நடுவில் உள்ள முதல் கண்ணியில்தான் மந்தர சுரம் தொலைகிறது. பணத்தையும் கவனத்தையும் முதலில் அங்கே வைக்க வேண்டும்.

தாழ்ந்த சுரத்தின் இயற்பியல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இராமநாதபுரம் மிருதங்கத்துக்குப் பேர்போன ஊர். சி.எஸ். முருகபூபதியும், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்த ராம்நாட் ராகவனும் இந்த ஊரார். கச்சேரிக்கு உட்காருமுன் மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் ஒட்டுவார். தோலின் எடை கூடுகிறது, அதிர்வு மெதுவாகிறது, நாதம் கீழே இறங்குகிறது. வலப்பக்கத் தோலான வலந்தலையில் இருக்கும் கரும்பூச்சு மேலோசைகளை எப்படி ஒழுங்கான இசைவுக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். நாகஸ்வரத்திலும் இதே கதைதான். குட்டையான திமிரியின் சுருதி உயர்ந்தது, நீண்ட பாரியின் சுருதி தாழ்ந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து உருவாக்கிய பாரி நாகஸ்வரம் இன்று கச்சேரி மேடையின் வழக்கமாகிவிட்டது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எடையைக் கூட்டு, அல்லது நீளத்தைக் கூட்டு. சுரம் கீழே போகும்.

தந்திக்கு இவற்றோடு இழுவிசையும் சேரும். நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் தந்தியின் எடை: இந்த மூன்றும்தான் சுருதியை முடிவு செய்கின்றன. டபுள் பேஸிலும் நான்கு தந்தி பேஸ் கிடாரிலும் மிகத் தாழ்ந்த திறந்த தந்தி ஒரே சுரம்தான், 41.2 ஹெர்ட்ஸ். ஆனால் பேஸ் கிடாரில் அதிரும் நீளம் சுமார் 86 சென்டிமீட்டர், டபுள் பேஸில் சுமார் 105. டபுள் பேஸின் தந்திகள் இன்னும் முறுக்காக இழுத்துக் கட்டப்பட்டவை. நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையால் இழுக்கின்றன. அந்த விசையின் ஒரு பகுதி, தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாக மரப் பலகையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. தந்தியின் அதிர்வு குதிரையில் இறங்கிப் பலகையை ஆட்டி, உள்ளே அடைபட்ட காற்றை ஆட்டி, வெளியே வருகிறது. ஆற்றல் அந்த வழியில் வேகமாகச் செலவாகிவிடுவதால் சுரம் ஒரு முட்டு முட்டிவிட்டுச் சீக்கிரம் அடங்குகிறது. பேஸ் கிடாரின் கட்டையான உடலுக்கு அந்தப் பசி கிடையாது. அதில் தந்தி தன் ஆற்றலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒலிக்கும்.

எம்.எஸ். விஸ்வநாதன் காலப் பாடல்களில் டபுள் பேஸின் அந்த முட்டு கேட்கும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜாவின் இசையில் பேஸ் கிடார் தனியே ஒரு பாட்டுப் பாடத் தொடங்கியது. அவருக்குப் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களில் அது எப்படி நடந்தது என்று காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கருவிகளும் ஒரே சுரத்தைத் தந்தாலும் ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது. இரண்டையும் தூக்கிச் செல்லும் சிரமத்தைக் கலைஞர்கள் ஏற்பது அதனால்தான்.

அமெரிக்காவில் இந்த இரட்டை வாழ்க்கை 1950-களிலேயே தொடங்கிவிட்டது. டபுள் பேஸ் கலைஞரான எவரெட் ஹல் 1940-களில் தன் கருவி தரையில் ஊன்றும் கம்பியின் உச்சியில், உடலுக்குள்ளேயே, அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒரு பிக்கப்பைப் பொருத்தினார். ஆம்பெக் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெட்ராய்டில் மோடவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸில் தொடங்கி 1960-களின் தொடக்கத்தில் மின்பேஸுக்கு மாறினார். கடைசிவரை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே, பழைய கருவியை மீட்டியது போலவே புதிய கருவியையும் மீட்டினார். அவருடைய மின்பேஸில் இருந்தவை தட்டையாகச் சுற்றிய கனமான தந்திகள். அறுந்தால் ஒழிய அவற்றை அவர் மாற்ற மாட்டார். இந்தத் தந்தி விஷயம் பிறகு நமக்கு உதவும்.

முதல் கண்ணி

பேஸ் கிடாரின் பிக்கப் காந்தமும் செப்புச் சுருளும் சேர்ந்தது. எஃகுத் தந்தி அதன்மேல் அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதி இது. அந்தப் பிக்கப்பின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான். சந்தையில் கிடைக்கும் எந்தப் பேஸ் ஆம்பில் செருகினாலும் வேலை செய்யும்.

டபுள் பேஸில் பெரும்பாலும் பயன்படுவது பிசோ பிக்கப். குதிரையின் காலடியிலோ அதன் பிளவிலோ பொருத்துவார்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் வெளிப்படும் என்று 1880-ல் ழாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். குதிரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் படிகத்தின் முகங்களில் மிகச் சிறிய மின்னூட்டம் சேர்கிறது. ஆனால் அது அங்கேயே நிற்காது. ஆம்பின் உள்ளீட்டுத் தடை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்ற நிலை இது. குழாயை வேகவேகமாகத் திறந்து மூடினால் குடத்தில் நீர்மட்டம் ஏறி இறங்குவது தெரியும். மெதுவாகச் சொட்டவிட்டால் ஏறுவதற்குள் ஒழுகிவிடும். உயர்ந்த சுரங்கள் தப்பிக்கின்றன, தாழ்ந்த சுரங்கள் ஒழுகிப்போகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிசோ பிக்கப்பின் மின்தேக்குத்திறன் 1 நானோஃபாரட் என்று கொள்வோம். பேஸ் கிடாருக்கு என்று செய்த ஆம்பின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 1 மெகா ஓம். இரண்டும் சேர்ந்தால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் படிப்படியாகக் குறையும். டபுள் பேஸின் நான்கு திறந்த தந்திகளும், அதாவது 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் எல்லாமே, அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன! தாழ்ந்த தந்தியின் மின்னழுத்தத்தில் கால் பங்குதான் ஆம்புக்குள் போய்ச் சேரும். மிஞ்சுவது விரல் தட்டும் ஓசையும் தகரம் போன்ற கீச்சலும். கேட்பவர் பிக்கப் மட்டம் என்று சொல்வார், வாசிப்பவர் ஆம்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவார், அப்போது ஊங்காரம் கிளம்பும். இத்தனைக்கும் பழுது எதிலும் இல்லை. உள்ளீட்டுத் தடையை 10 மெகா ஓமாக உயர்த்துங்கள். எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தாழ்ந்த தந்தி ஏறத்தாழ முழுதாக வந்து சேரும். உள்ளங்கை அளவுள்ள ஒரு ப்ரீஆம்ப் செய்யும் வேலை இது. ஆயிரம் வாட் ஆம்பால் இதைச் செய்ய முடியாது, ஏனெனில் தொலைந்துபோன சுரத்தை யாராலும் பெருக்க முடியாது.

கேபிளும் இரண்டு கருவிகளையும் வேறுவேறு விதமாக நடத்துகிறது. ஒவ்வொரு மீட்டர் கேபிளுக்கும் நூறு பிகோஃபாரட் அளவில் மின்தேக்குத்திறன் உண்டு. பேஸ் கிடாரில் நீளமான கேபிள் உச்சஸ்தாயி ஒலிகளை மழுக்கும். அதே கேபிளை பிசோவில் மாட்டினால் மொத்த ஒலியும் சேர்ந்து சிறுக்கும். ஆகவே ப்ரீஆம்ப் கலைஞரின் இடுப்பிலோ கருவியின் ஓரத்திலோ இருக்கட்டும். அதற்குப் பிறகு கேபிள் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை. இரண்டு உள்ளீடுகள் உள்ளதாக, ஒவ்வொன்றுக்கும் தனி ஒலியளவும், வாசிக்காத கருவியை வாயடைக்கக் காலால் அழுத்தும் ஒரு பொத்தானும் உள்ளதாக அது இருக்க வேண்டும். வாயடைப்பது முக்கியம். ஸ்டாண்டில் சாய்த்து வைத்த டபுள் பேஸ் யாரும் தொடாமலே மேடையின் சத்தத்துக்கு அதிர்ந்துகொண்டு இருக்கும். பிக்கப் அதையும் எடுத்து அனுப்பும்.

மேடை

30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 41 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் எட்டரை மீட்டர் ஆகிறது. ஊர்த் திருவிழா மேடைகளில் பல அந்த அகலம்கூட இல்லை. இவ்வளவு நீளமான அலைக்கு ஸ்பீக்கர் பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பொருட்டல்ல. எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் நிற்கும் டபுள் பேஸையும் அது போய்த் தொடும். பலகை அதிரும், பிக்கப் அந்த அதிர்வை ஆம்புக்கு அனுப்பும், ஆம்ப் இன்னும் பெரிதாக்கித் திருப்பி அனுப்பும். பாடகரின் மைக் கீச்சிடுவது போல இங்கே அடிவயிற்றில் ஒரு ஊங்காரம் எழும்.

நம் மேடைகளில் இது இன்னும் மோசமாவதற்கு ஒரு காரணம் உண்டு. இரும்புச் சட்டத்தின்மேல் பலகை போட்ட மேடை உள்ளே வெற்றிடமாக இருக்கிறது. அதுவே ஒரு பெரிய மேளம். ஸ்பீக்கர் பெட்டியை அதன்மேல் நேராக வைத்தால் பலகை அதிரும். டபுள் பேஸோ ஒற்றைக் கம்பியால் அதே பலகையில் ஊன்றி நிற்கிறது. அதிர்வு காற்றின் உதவி இல்லாமலே கருவிக்குள் ஏறிவிடும். பெட்டியை ஒரு நாற்காலியின்மேல் அல்லது தடித்த நுரைப்பஞ்சின்மேல் தூக்கி வையுங்கள். ஊன்றுகம்பியின் அடியில் ஒரு கனமான ரப்பர் மெத்தை போடுங்கள். செலவில்லாத வைத்தியம் இன்னொன்று: கலைஞர் ஓரிரு மீட்டர் நகர்ந்து நிற்பது. 100 ஹெர்ட்ஸ் அருகே எழும் ஊங்காரத்துக்கு அரை அலைநீளம் 1.75 மீட்டர். ஓரிடத்தில் ஒன்றையொன்று வளர்க்கும் அலைகள் கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று தணிக்கும். ப்ரீஆம்பில் உள்ள துருவம் மாற்றும் பொத்தான், நகராமலே அந்த வேலையைச் செய்யும்.

இதோடு ஒரு வடிகட்டியும் வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். மந்தர சுரத்துக்காகவே வாசிக்கும் கருவியில் மந்தரத்தை வெட்டுவதா என்று பலர் தயங்குகிறார்கள். ஒரே சத்தத்தைத் தர, சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். காற்றடிப்பு, கை படும் ஓசை, மேடையில் யாரோ நடக்கும் அதிர்வு எல்லாம் பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே வருகின்றன. காதுக்கு எதுவும் தராமல் கூம்பின் வலுவை முழுக்கத் தின்பவை அவைதான். பேஸ் கிடாருக்கு 35 முதல் 40 ஹெர்ட்ஸ், டபுள் பேஸுக்கு 60 ஹெர்ட்ஸ் அருகே வெட்டலாம். தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வு அதில் குறையுமே என்றால், குறையும்தான். டபுள் பேஸின் உடலே அந்த அதிர்வைப் பலமாக வெளியிடுவது இல்லை. அதன் காற்று ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. 82, 124, 165 என்று வரும் மேலோசைகளைக் கேட்டு, அவற்றுக்கு இடையே உள்ள 41-ஐ நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. சின்ன ரேடியோவிலும் பேஸ் வரிசையைப் பின்தொடர நம்மால் முடிவது இந்தத் திறமையால்தான்.

காதைப் பற்றி இன்னொரு செய்தியும் மேடைக்குப் பயன்படும். 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது அது: தாழ்ந்த சுரங்களுக்கு நம் காது மந்தம். மெதுவான ஒலியளவில், 40 ஹெர்ட்ஸ் சுரம் 1000 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சமமாகக் கேட்க 40 டெசிபெல்லுக்கு மேல் கூடுதலாக வேண்டும். அதாவது பத்தாயிரம் மடங்கு திறன். சத்தம் கூடக் கூட இந்த இடைவெளி சுருங்கும். மாலையில் மெதுவாக வைத்துச் சரிபார்த்த பேஸ், இரவில் கூட்டம் நிறைந்து எல்லாவற்றையும் உயர்த்தியதும் பொதபொதவென்று ஆவதற்கு இதுவே காரணம். சரிபார்க்கும்போதே கச்சேரியின் அளவில் வைத்துக் கேட்க வேண்டும்.

திறந்த மைதானத்தில் சுவர்கள் இல்லை. அறையில் ஒத்திகை பார்க்கும்போது சுவர்கள் திருப்பித் தந்த மந்தரம் கடற்கரையில் கிடைக்காது. அதற்காகக் கலைஞர் பெரிய பெட்டியைச் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்துக்கு ஒலி தருவது சவுண்ட் சர்வீஸ்காரரின் பெரிய ஸ்பீக்கர்கள். கலைஞரின் பெட்டி அவருக்கும் பக்கத்தில் நிற்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். மிக்ஸருக்குச் சுத்தமான சமிக்ஞையை அனுப்பும் டி.ஐ. வெளியீடு ப்ரீஆம்பில் இருந்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டபுள் பேஸின் முன்னால் மைக் வைக்கும் அழகான வழக்கம் அரங்குக்கு உரியது. கடற்காற்று வீசும் மேடையில் அந்த மைக் காற்றைத்தான் பாடும்.

உப்பு

இனி பாலத்தை அரித்த விஷயத்துக்கு வருகிறேன். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக மிதக்கின்றன. அவை எல்லாவற்றின்மேலும் படிகின்றன. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போதுதான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். இராமேஸ்வரம் தீவில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகையால் உப்புப் படிந்த உலோகம் தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு, உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைத்து உள்ளே போகிறது.

உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம். உப்பும் வியர்வையும் அங்கே தங்கும். முதலில் மேலோசைகள் மங்கும், பிறகு சுருதியே தடுமாறும். இந்தக் கரைக்கு ஜேமர்சனின் தட்டைச் சுற்றுத் தந்தி ஏற்றது: பள்ளம் குறைவு, துடைப்பது எளிது, டபுள் பேஸின் குரலுக்கும் அது நெருக்கம். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் மட்டும் துடைப்பவர்கள் உப்பைப் பள்ளத்துக்குள் தேய்த்துவிடுகிறார்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை என்பதே சரியான முறை. ஜாக், பேட்டரிப் பிடிப்பு, குமிழ்களின் உட்பகுதி ஆகியவையும் இதே நோய்க்கு ஆளாகும். கரகரவென்று ஒலிக்கும் குமிழுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பை இங்கே சீக்கிரம் நிறைந்துவிடும். அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது வெறும் மணல் பை.

ஸ்பீக்கர் காந்தத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எடை குறைந்த பெட்டிகளில் இருப்பது நியோடிமியம் காந்தம், 1980-களின் கண்டுபிடிப்பு. அந்தத் தனிமம் இருக்கும் மோனசைட் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடைக்கிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் இந்தக் காந்தம் இரும்பும் போரானும் சேர்ந்த கலவை. மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே துருப்பிடித்து உதிரத் தொடங்கும். பழைய ஃபெரைட் காந்தம் ஏற்கெனவே ஆக்ஸைடு. மேற்கொண்டு துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை. ஊர் ஊராகப் பேருந்தில் போகிறவருக்கு நியோடிமியம் சரி. தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ குடியிருந்து அங்கேயே வாசிப்பவர் கனத்தைப் பொறுத்துக்கொண்டு ஃபெரைட் வாங்கட்டும். ஆம்பிலும் இப்படி ஒரு தேர்வு உண்டு. மின்விசிறி சுழலும் ஆம்ப் தன்னைக் குளிர்விக்க உப்புக்காற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. விசிறி இல்லாமல் உலோக உடலாலேயே குளிரும் சிறிய ஆம்ப் இங்கே நீண்ட நாள் உழைக்கும்.

மரத்துக்கு உப்பைவிட ஈரம் எதிரி. சென்னையில் குளிரூட்டிய ஸ்டூடியோவில் இருந்த டபுள் பேஸ் இராமேஸ்வரத்தில் இறங்கியதும் பலகை ஈரம் குடித்து உப்பும், குதிரை உயரும், தந்தி விரலுக்கு எட்டாமல் மேலேறும். குதிரையின் கால்களில் திருகி உயர்த்தி இறக்கும் அமைப்பு இருந்தால் ஐந்து நிமிட வேலை. திண்ணிய மரத்தில் செதுக்கிய விலையுயர்ந்த கருவியைவிட, பிளைவுட்டால் செய்தது இங்கே நம்பகமானது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் ஒன்றை ஒன்று விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊங்காரத்துக்கும் அது எளிதில் மசியாது. பெரிய உடல் இல்லாத மின் டபுள் பேஸும் இருக்கிறது. யமஹாவின் சைலண்ட் பேஸ் அந்த வகை. தந்தி அதிரும் நீளம் ஏறத்தாழ அதேதான், ஆகவே விரல்களுக்குப் புதிய பயிற்சி தேவைப்படாது. ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் படுக்கைக்கு அடியில் போகக்கூடிய டபுள் பேஸ் என்று ஒன்று இருந்தால் அதற்கு நெருங்கியது இதுதான். ஆனால் பிசோ பிக்கப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கரண்ட்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த தந்தியில் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். மேடையில் மின்சார இரைச்சல் இருந்தால் அது கிட்டத்தட்ட நம் சுரத்தின்மேலேயே உட்கார்ந்து, நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையாகக் கேட்கும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடும் அமெரிக்காவில் இரைச்சல் வேறு இடத்தில், இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழும். 1957-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, எதிரெதிராகச் சுற்றி, இரைச்சலைத் தனக்குத்தானே கழித்துக்கொள்ள வைத்தார். பிசோவுக்கு அந்த வித்தை கிடையாது. நல்ல உலோக உறையிட்ட குட்டைக் கேபிளே அதற்குக் காப்பு. மிக்ஸருக்கும் ஆம்புக்கும் இரண்டு வழியாக எர்த் இணைந்துவிட்டாலும் இரைச்சல் வரும். டி.ஐ. பெட்டியில் எர்த்தைப் பிரிக்கும் பொத்தானை அழுத்தினால் அது தீரும்.

அவசரத்தில் சிலர் வேறொன்று செய்கிறார்கள்: ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் பேஸ் கிடாரின் தந்திகள் குதிரை வழியாக ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. உப்புநீர்ப் படலம் படிந்த பழைய ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத நிலையில் அந்த மின்சாரம் தந்தியில் வந்து நிற்கும். விரல் தந்தியிலும் உதடு மைக்கிலும் படும்போது அது உடல் வழியாகப் பாயும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், உலர்ந்த மணலில் பெயருக்கு ஒரு கம்பி ஊன்றி எர்த் என்று காட்டினால் அது எர்த் ஆகாது. உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது, நீர் ஊற்றி ஈரமாக வைத்தால்தான் கடத்தும்.

ஆகவே கருவிகளை உறையிலிருந்து எடுக்குமுன் மேடையின் மின்பணியாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எர்த் அளந்தீர்களா? 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறீர்களா? டெஸ்ட் பொத்தானை உங்கள் கண்முன்னே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அது துண்டிக்காவிட்டால், விழாக்குழு எவ்வளவு வற்புறுத்தினாலும், சரிசெய்யும்வரை தந்தியைத் தொடாதீர்கள்.